மூன்று இடங்கள், ஒரு சளி டப்பா: அப்பாவுக்கு டி.பி. பார்த்த அனுபவம்

அப்பாவுக்கு வயது 76. அவருக்கு இருப்பது டி.பி. என்று தெரிவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது, மூன்று இடங்கள் ஏறி இறங்கிவிட்டோம். அந்த மூன்று இடங்களின் சேவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை, ஏனென்றால் வயதானவரை அழைத்துக்கொண்டு எங்கே போனாலும் கவனிக்க வேண்டியவை இதே விஷயங்கள்தான். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இடத்துக்கு 5-க்கு 2, இரண்டாவதுக்கு 1, மூன்றாவதுக்கு 4. அந்த நான்கில் பெரும்பங்கு சளி வாங்கும் அறையில் இருந்த ஓர் அம்மாவுக்குச் சேர வேண்டியது.

முதலில் போனது வருடக்கணக்காக நாங்கள் போகும் கிளினிக். நல்ல டாக்டர், பொறுமையாகப் பேசுவார், அப்பாவின் சர்க்கரைக்கும் மூச்சிரைப்புக்கும் அவர்தான் பார்க்கிறார். இருமலுக்காக நாங்கள் போகவில்லை. இருமல் அப்பாவுக்கு இருபது வருடமாக இருக்கிறது, பழைய புகைப்பழக்கம் விட்டுப்போனது, வீட்டில் அதை யாரும் காதிலேயே வாங்குவதில்லை. ஒருநாள் அவருடைய பெல்ட்டை எடுத்து மாட்டும்போது பார்த்தேன், ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தார், அதுவும் இரண்டு. திக்கென்று இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார், மாலை ஆனால் படுத்துவிடுகிறார், இரண்டு முறை என்னைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மாடிப்படியில் பாதியிலேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்.

எடை பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு 61 கிலோ, அன்றைக்கு 54. "வயசாகுதுல்ல, சர்க்கரை வேற இருக்கு, கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றோம். ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறதா, சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்டார், அதுவும் இல்லை. டி.பி. என்ற பேச்சு அதோடு முடிந்துபோனது.

இங்கேதான் எனக்கு வருத்தம். கேட்ட கேள்விகளில் தப்பில்லை, ஆனால் அவை முப்பது வயதுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். வயதானவர்களுக்கு டி.பி. வந்தால் காய்ச்சல், இரவு வேர்வை, ரத்தம் துப்புவது எல்லாம் இளையவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், மூச்சுத் திணறல் அதிகமாக இருக்கும். சிலருக்கு வெறும் சோர்வு, பசியின்மை, குழப்பம், தானாகச் செய்துகொண்டிருந்த வேலைகளைச் செய்ய முடியாமல் போவது, இவ்வளவுதான் தெரியும். இவை ஒவ்வொன்றையும் "வயசு" என்ற ஒரே சொல்லில் மூடிவிடலாம் என்பதுதான் ஆபத்து. காய்ச்சல் விஷயத்திலும் நாங்கள் ஏமாந்தோம். வயதானவர்களின் உடம்புச் சூடு வழக்கமாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும். அதனால் அவருடைய வழக்கமான அளவைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், 100 தாண்டட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு எப்போதும் 97 தான். மாலையில் 99.2 காட்டியதை நாங்களே பார்த்துவிட்டு "நார்மல்தான்" என்று தெர்மாமீட்டரை உதறி வைத்திருக்கிறோம்.

நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று நிமோனியாவுக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார். அப்பா நான்காம் நாளே எழுந்து உட்கார்ந்தார், பசி எடுக்கிறது என்றார், எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மாத்திரை முடிந்து பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆனது. இந்த வகை ஆன்டிபயாடிக் டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும், ஒழிக்காது. ஆள் தேறியதுபோல் தெரியும், அந்த நேரத்தில் எடுக்கும் சளிப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமலும் போகலாம், நோய் உறுதியாகும் நாள் தள்ளிப்போகும், இந்த மருந்துக்கே கிருமி பழகிவிடும் அபாயமும் உண்டு. இதை மூன்றாவது இடத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுபடி சோர்ந்துபோனதும் அந்த டாக்டர் தயங்காமல் "எக்ஸ்ரேயும் சளியும் பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதினார், அதற்காகத்தான் அந்த 2.

அடுத்து போனது பரிசோதனை மையம். பளபளவென்று இருக்கிறது, டோக்கன் வாங்கி ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறார்கள், ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது. ரத்தம் எடுப்பவர் ஒரே குத்தில் எடுத்தார், வலிக்கவில்லை என்று அப்பாவே சொன்னார். இதையெல்லாம் பார்த்தால் நான்கு ஸ்டார் கொடுக்கலாம்போல் இருக்கும். ஆனால் நாங்கள் எந்த வேலைக்காகப் போனோமோ அந்த வேலை நடக்கவில்லை.

சளி டப்பாவை எப்படிக் கொடுத்தார்கள் என்று சொல்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் தலை நிமிராமல் டப்பாவைத் தள்ளி, "காலையில துப்பிக் கொண்டு வாங்க" என்றான். அவ்வளவுதான். அப்பா மறுநாள் காலையில் பல் விளக்கிவிட்டு, தண்ணீர்போல நுரைத்த எச்சிலை டப்பாவில் துப்பி, மூடியை இறுக்கி என் கையில் கொடுத்தார். நானும் அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். வாங்கியவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நெகட்டிவ்" என்று வந்தது. எச்சிலில் என்ன இருக்கும்?

நல்ல சளியே கொடுத்திருந்தாலும் அந்தப் பரிசோதனை எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பது தனிக் கதை. அங்கே பார்த்தது ஸ்லைடு. ராபர்ட் கோக் இந்தக் கிருமியை அறிவித்தது 1882 மார்ச் 24-ல், அதை ஒட்டிய வருடங்களில் வந்த சாயம் பூசும் முறைதான் ஏறக்குறைய இன்றைக்கும். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாக மைக்ராஸ்கோப்பில் தெரியும். தெரிவதற்கு ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு நுரையீரலில் குழி விழுவது குறைவு, குழியில்தான் கிருமி கூட்டமாகப் பெருகும், அதனால் சளியில் வரும் எண்ணிக்கையும் குறையும். இருமித் தள்ளும் பலமும் இல்லை. இந்த நிலையில் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

கையில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கும் மாண்டூ பரிசோதனையும் செய்தார்கள், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வந்து காட்ட வேண்டும். ஒரு வீக்கமும் இல்லை. வயதாக ஆக உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த ஊசிக்குச் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்துவிடும், உள்ளே நோய் இருந்தாலும் தோல் சும்மா இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள், இக்ரா என்று பெயர், "இதுல தெளிவா தெரிஞ்சுடும்" என்று அடித்துச் சொன்னார்கள். தெளிவாகத் தெரியாது. கிருமி எப்போதாவது உடம்புக்குள் நுழைந்திருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும், இப்போது நோயாக மாறியிருக்கிறதா என்பதைச் சொல்லாது. பாசிட்டிவ் வந்தால் பயப்படவும், நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக இருக்கவும் அது போதாது. நோய் இருக்கிறதா என்று பார்க்க அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2011-ல் சொல்லிவிட்டது.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே ஏதோ நிழல். "ஆறிவரும் நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். டி.பி. என்றால் நுரையீரலின் மேல்பகுதியில்தான் இருக்கும் என்று ஒரு பழக்கம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. வயதானவர்களுக்குக் கீழேயும் வரும், புற்றுநோய் மாதிரியும் தெரியும், இதயம் பலவீனமானதால் நீர் கோத்ததுபோலவும் தெரியும், சில சமயம் இரண்டு நுரையீரலிலும் தினை இறைத்ததுபோல் பொடிப்பொடியாகவும் தெரியும். இதையும் சேர்த்து, மூன்று ரிப்போர்ட்டும் "ஒன்றுமில்லை" என்று சொன்னதை நம்பி நாங்கள் ஐந்து வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஐந்து வாரத்தில் இன்னும் மூன்று கிலோ போனது. அதனால்தான் 1.

மூன்றாவது இடம், பெரிய மருத்துவமனை ஒன்றின் நெஞ்சக நோய்ப் பிரிவு. கூட்டம் அதிகம். முதுகு சாயாத பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், 76 வயதுக்காரருக்கு அது தண்டனை, போகிறவர்கள் ஒரு தலையணை எடுத்துப் போங்கள். ஆனால் உள்ளே போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "ஐயா, உங்க சின்ன வயசுல வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்துச்சா? எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க அண்ணனுக்கு" என்றார். அப்போது அப்பாவுக்குப் பதினெட்டு வயதாம், இருவரும் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். பெரியப்பா இளம் வயதில் போய்விட்டார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், எதனால் என்று அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அப்போது உள்ளே போன கிருமி ஐம்பது அறுபது வருடம் உறங்கிக்கொண்டிருந்து, சர்க்கரையும் வயதும் சேர்ந்து உடம்பு தளர்ந்ததும் எழுந்திருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். மற்ற இரண்டு இடத்திலும் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். சளி எடுக்கும் இடம் கட்டடத்துக்குப் பின்னால் திறந்தவெளியில், காற்றோட்டமாக, ஒரு கூரை மட்டும் போட்டு இருக்கிறது. அவர் மாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று இரண்டு வார்த்தையிலேயே புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து மெதுவாக, சத்தமாகப் பேசினார். முதலில் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வைத்தார். நாற்காலியில் உட்கார வைத்து முன்பக்கம் கொஞ்சம் சாயச் சொன்னார், வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்ன மெத்தைத் துண்டு கொடுத்தார். "மூச்சை நல்லா இழுங்க ஐயா, பிடிங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, விடுங்க." இப்படி மூன்று முறை. "இப்ப அடிவயித்துல இருந்து இருமுங்க." அப்பா இருமினார், துப்பினார். அவர் டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, சாய்த்துப் பார்த்தார். "இது எச்சில் ஐயா. தண்ணியா ஓடுது பாருங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கறது வேணும், கெட்டியா, கொழகொழன்னு."

இன்னொரு முறை, இன்னொரு முறை. வரவில்லை. அப்பா சோர்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இருப்பதை வாங்கி வைத்திருப்பார்கள். அந்த அம்மா போய் டாக்டரிடம் சொன்னார். அப்பாவுக்கு மூச்சிரைப்பு இருப்பதால் முதலில் அதற்கான மருந்தை உறிஞ்ச வைத்தார்கள், அப்புறம் 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுத்தார்கள், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டி அவர் பக்கத்திலேயே நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புநீர் உள்ளே போனதும் ஒட்டிக்கிடந்த சளி இளகும். பத்து நிமிடத்தில் அப்பாவுக்கு எங்கிருந்தோ ஓர் இருமல் வந்தது, அந்தச் சத்தமே வேறாக இருந்தது. டப்பாவில் மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக, இரண்டு ஸ்பூன் அளவுக்குக் குறையாமல் இருந்தது. அந்த அம்மா மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "இதுதான்" என்றார். 3 முதல் 5 மில்லி வேண்டும் என்பது கணக்காம். மறுநாள் விடியற்காலையில் எழுந்ததும் எடுக்க இன்னொரு டப்பா கொடுத்து, வீட்டில் எப்படிச் செய்ய வேண்டும் என்று அப்பாவையே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பினார்.

அந்தச் சளியை ஜீன்எக்ஸ்பர்ட் என்ற இயந்திரத்தில் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது. கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு, முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதையும் கூடவே சொல்லிவிடும். 2017-ல் வந்த அல்ட்ரா வகைக்கு ஒரு மில்லியில் 16 கிருமி அளவுக்கு இருந்தாலே போதும். 5,000 எங்கே, 16 எங்கே! அன்று மாலையே அப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது: கிருமி இருக்கிறது, அளவு மிகக் குறைவு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. அதே சளியை ஸ்லைடிலும் பார்த்திருந்தார்கள், அதில் நெகட்டிவ்தான். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார்கள், அது 42 நாள் வரை ஆகலாம் என்றார்கள், எங்களுக்கு 23-ம் நாள் பாசிட்டிவ் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், இயந்திரத்தைக் கண்மூடி நம்பவும் கூடாது. முன்பு டி.பி. வந்து குணமானவர்களுக்கு, செத்த கிருமியின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு "மிகச் சிறிய தடயம்" என்று காட்டிவிடலாம், அதை டாக்டர்தான் மற்ற விவரங்களோடு சேர்த்து எடைபோட வேண்டும். மறுபக்கம், நெகட்டிவ் வந்தாலும் விட்டுவிடமாட்டேன், சி.டி. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் குழாய் விட்டு உள்ளே இருந்து எடுத்துப் பார்ப்பேன் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நுரையீரலில் இல்லாத டி.பி.யும் வயதானவர்களுக்கு உண்டு, தீராத முதுகுவலியாக முதுகெலும்பில் இருக்கும், நெஞ்சுக்கூட்டில் நீராகக் கோத்திருக்கும், அதற்கெல்லாம் சளியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மருந்து தொடங்கும் முன் அவர்கள் செய்ததும் எனக்குப் பிடித்தது. கல்லீரல் பரிசோதனை கட்டாயம் எடுத்தார்கள், வயது கூடக்கூட இந்த மருந்துகளால் கல்லீரல் பாதிக்கும் வாய்ப்பும் கூடும் என்பதால். டி.பி. மருந்துகளில் ஒன்றான எதாம்பியூட்டால் கண்பார்வையைப் பாதிக்கலாம் என்று நிறம் பார்க்கும் அட்டையைக் காட்டிச் சோதித்தார்கள். அப்பா போடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும், அப்பாவின் சர்க்கரை மாத்திரையில் ஒன்று அந்த வகை, அதை மாற்றினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கே அப்பா மருந்தை நிறுத்தியிருப்பார். வீட்டில் உள்ள எங்கள் எல்லோரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பெஞ்சை மன்னித்துவிடலாம். ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றபோது அவர் கேட்டார், "என் நெஞ்சைப் பத்தித்தானேடா பேசினீங்க? என்கிட்ட சொல்ல மாட்டாரா?" அண்ணனைப் பறிகொடுத்தவருக்கு அந்த நோயின் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாத மாத்திரையில் குணமாகக்கூடிய நோய் இது என்பதை டாக்டர் வாயால் அவர் நேராகக் கேட்டிருக்க வேண்டும். வயதானவர், காது கேட்காது, குழம்பிவிடுவார் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். மறுமுறை போனபோது நானே டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் உடனே அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போகிறார், ஆன்டிபயாடிக்கில் தேறுகிறார், மறுபடி விழுகிறார் என்றால், எந்த இடத்துக்குப் போனாலும் சளியை எதில் பார்ப்பீர்கள், ஸ்லைடா, மரபணுப் பரிசோதனையா, கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா என்று கேளுங்கள். சளி வராவிட்டால் நெபுலைசர் வைத்து எடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். டப்பாவைக் கொடுப்பதற்கு முன் நீங்களே வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் பெயரைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இரண்டு மாத மருந்து முடிந்ததும் திரும்பவும் சளி கேட்டார்கள். இந்த முறை ஸ்லைடும் கல்ச்சரும்தான், செத்த கிருமியின் மரபணுவையும் பிடித்துவிடும் என்பதால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த இயந்திரம் உதவாது. அப்பா பழகிய ஆள்போல பல்செட்டைக் கழற்றி, கொப்பளித்து, சாய்ந்து உட்கார்ந்து இருமினார். அந்த அம்மா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எச்சில்தான் வருது ஐயா. பரவாயில்ல, நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். மறுநாள் நான் எழுந்து வரும்போது அப்பா கையில் டப்பாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், பெல்ட் பழைய ஓட்டையில் இருந்தது.